விளையாடும்போது

2023 ஆகஸ்ட் 8, செவ்வாய்

இன்று பள்ளியில் தடுப்பூசி முகாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டி.டி. ஊசி. பத்து மணிக்கெல்லாம் நர்ஸ் செல்வக்கனி மருந்துப் பெட்டியோடு வந்துவிட்டாள். கீழே ஹாலில் பெஞ்சு போட்டு என் வகுப்புப் பெண்கள் முப்பத்தெட்டு பேரையும் வரிசையாக உட்கார வைத்தேன். இரண்டு பேர் அழுதார்கள், மற்றவர்கள் சிரித்தார்கள். ஊசி போட்டவர்களை அரை மணி நேரம் எழுந்திருக்க விட வேண்டாம் என்று செல்வக்கனி சொல்லிவிட்டு அடுத்த பிரிவுக்குப் போனாள். வருடா வருடம் சொல்வதுதான்.

என் வகுப்புப் பூமாரி மாடிப்படியில் விழுந்துவிட்டாள். தலையில் இடது பக்கம் அடி. காதிலிருந்து ரத்தம் வந்தது. ஆம்புலன்ஸில் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். தலைமையாசிரியர் துரைராஜ் சார் கூடவே போனார்.

என் போன் படிக்கட்டில் கிடந்ததாக யாரோ எடுத்துவந்து மேசையில் வைத்திருந்தார்கள். திரை முழுக்க விரிசல். மாற்றக் கொடுக்க வேண்டும். சாயங்காலம் மகள் ஷீலா சென்னையிலிருந்து என் கணவரின் போனுக்குக் கூப்பிட்டுப் பேசினாள். ஸ்கேனில் குழந்தை நன்றாக இருக்கிறதாம். காலையிலிருந்து அந்தச் செய்திக்குத்தான் காத்திருந்தேன். கடவுளுக்கு நன்றி.

ஆகஸ்ட் 9, புதன்

பூமாரிக்குத் தலையில் ஆபரேஷன் முடிந்திருக்கிறது. கண் விழிக்கவில்லை. வகுப்பில் இன்று யாரும் சத்தம் போடவில்லை.

ஆகஸ்ட் 11, வெள்ளி

துரைராஜ் சார் மத்தியானம் கூப்பிட்டார். கல்வி அலுவலகத்திலிருந்தும் சுகாதாரத் துறையிலிருந்தும் அறிக்கை கேட்கிறார்களாம்.

“நீங்கதான் ஹால்ல இருந்தீங்க டீச்சர். நீங்களே எழுதிக் குடுங்க, நான் கையெழுத்துப் போட்டு அனுப்புறேன்.”

“என்ன எழுத சார்?”

“நடந்ததை எழுதுங்க.”

மூன்று தாள் கிழித்தேன். நாலாவதில் வந்தது: ‘தடுப்பூசி செலுத்தப்பட்டு அரை மணி நேர ஓய்வுக்குப் பின், மாணவி மாடிப்படியில் விளையாடும்போது தவறி விழுந்தார்.’

அவர் இரண்டு முறை படித்தார். “விளையாடிட்டா இருந்தா?”

“பிள்ளைங்கதானே சார்.”

என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பெரிய பொய் என்று இதில் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் அந்தப் படிக்கட்டில் எந்நேரமும் ஏறி இறங்கி விளையாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சிலிண்டர் பதிவு செய்தேன். திங்கட்கிழமை வருமாம்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டேன். வார்டு வாசலில் பூமாரியின் அப்பா சண்முகவேல் தரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊரில் விசைத்தறி ஓட்டுகிறவர். என்னைப் பார்த்ததும் எழுந்து துண்டை உதறிக் கையில் வைத்துக்கொண்டார்.

பூமாரிக்கு நினைவு வந்துவிட்டது. தலையை மொட்டையடித்துக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். வலது கையும் வலது காலும் அசையவில்லை. என்னைப் பார்த்து ‘டீச்சர்’ என்று சொல்ல முயன்றாள். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அவள் அம்மா பொன்னுத்தாய் சேலை நுனியால் துடைத்துவிட்டாள்.

வெளியே வந்ததும் சண்முகவேல் கேட்டார். “டீச்சர், என்னதுக்கு இவ மாடிக்குப் போனா? எல்லாரும் கீழ உக்காந்துதான இருந்திருக்காக?”

“எதையாவது எடுக்கப் போயிருப்பா.”

“அவகிட்டக் கேட்டாச்சு. அன்னைக்குக் காலையில வீட்ல சடை பின்னுனது வரைக்கும்தான் ஞாபகம் இருக்காம். அதுக்கப்புறம் ஒண்ணுமே தெரியலங்கா. அடி பட்டா அப்பிடித்தான் இருக்கும், திரும்ப வந்தாலும் வரும், வராமலும் போகும்னு டாக்டர் சொல்லுதாரு.”

அதைக் கேட்டபோது எனக்கு வந்த உணர்ச்சியை இங்கே எழுத விரும்பவில்லை.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. முழங்கால் வலி.

செப்டம்பர் 27, புதன்

பூமாரியை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். பள்ளி முடிந்ததும் போய்ப் பார்த்தேன். காலை இழுத்து இழுத்து நாலு அடி நடக்கிறாள். கை மடங்கியே இருக்கிறது. ஒரு தடவை வலிப்பும் வந்திருக்கிறது.

வாரம் மூன்று நாள் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போய்க் கைக்கும் காலுக்கும் பயிற்சி கொடுக்க வேண்டும். முதல் ஆறு மாதம்தான் முக்கியம், அதற்குள் வருகிறதுதான் வரும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். சண்முகவேல் தறிக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது.

“பாத்துக்கிடலாம் டீச்சர்,” என்றார்.

அக்டோபர் 15, ஞாயிறு

காலையில் சண்முகவேல் வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலுக்கு வெளியே, தெருவிலேயே விட்டுவிட்டு வந்தார்.

“கலெக்டர்கிட்ட மனு குடுத்தா நஷ்டஈடு கெடைக்கும்னு தறியில சொல்லுதாக. கவர்மெண்ட் போட்ட ஊசிதான? உங்க கையால எழுதிக் குடுத்தா நல்லாருக்கும் டீச்சர். பாப்பாவே சொல்லுதா, எங்க டீச்சர் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்னு.”

எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கம். ‘தடுப்பூசி செலுத்தப்பட்டதைத் தொடர்ந்து ஏற்பட்ட விபத்தில் என் மகள் வலது கை, கால் செயலிழந்து’ என்று தொடங்கினேன். பயிற்சிக்கு ஆகும் செலவு, ஆறு மாதக் கெடு எல்லாவற்றையும் விவரமாக எழுதினேன். அவர் கைநாட்டு வைப்பார் என்று நினைத்தேன். நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார்.

அவர் போன பிறகு என் கணவர் செய்தித்தாளைக் கீழே வைத்தார். “ஸ்கூல் அறிக்கையும் நீதான் எழுதுனே, இந்த மனுவும் நீதான் எழுதுறே. ரெண்டு பக்கத்துக்கும் ஒரே ஆளா?”

“உதவிதானே செய்யுறேன்,” என்றேன்.

அரையாண்டுத் தேர்வு வினாத்தாள் தயாரிக்க வேண்டும்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. பூமாரி வீட்டுக்கு முறுக்கும் ஒரு சுடிதாரும் கொடுத்தனுப்பினேன். நான் போகவில்லை.

2024 ஜனவரி 23, செவ்வாய்

ஷீலாவுக்குப் பெண் குழந்தை பிறந்து இன்று எட்டாம் நாள். நாளை மறுநாள் சென்னைக்குப் போகலாம் என்று துணி எடுத்துவைத்துக்கொண்டிருந்தபோது சண்முகவேல் வந்தார். கையில் பழுப்பு உறை.

“இங்கிலீஷும் தமிழும் கலந்து இருக்கு. எனக்குப் பிடிபடல. வாசிங்க டீச்சர்.”

வாசித்தேன். மருத்துவக் குழு ஆராய்ந்ததாம். மருந்தில் குறையில்லையாம். அதன் பிறகு அந்த வரி: ‘பள்ளி அளித்த அறிக்கையின்படி, மாணவி அரை மணி நேர ஓய்வுக்குப் பின் மாடிப்படியில் விளையாடும்போது தவறி விழுந்துள்ளதால், இக்காயத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை. மனு நிராகரிக்கப்படுகிறது.’

என் குரலில் என் வரியையே வாசித்தேன்.

“விளையாடும்போதா? யாரு டீச்சர் அப்பிடி எழுதிக் குடுத்தது?”

“பள்ளியிலேருந்து போயிருக்கும்.”

“ஹெட்மாஸ்டரா?”

நான் பேசவில்லை. அதை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து உறைக்குள் வைத்தார். பொங்கலோடு பாளையங்கோட்டைக்குப் போவதை நிறுத்திவிட்டார்களாம். வட்டிக்கு வாங்கித்தான் இதுவரை போயிருக்கிறார்கள். கை விரல் மூன்று கொஞ்சம் விரிய ஆரம்பித்திருந்ததாம்.

பிப்ரவரி 10, சனி

இலவச சட்ட உதவியில் சண்முகவேலுக்கு ஒரு வக்கீல் கிடைத்திருக்கிறார். பெயர் ரஹ்மத் நிஷா. முப்பது வயதுதான் இருக்கும். துணைக்கு வாங்க என்று சண்முகவேல் கூப்பிட்டதால் நானும் போனேன். மறுக்க ஒரு காரணம் கிடைக்கவில்லை.

ரஹ்மத் பொறுமையாக விளக்கினார். “ஊசி மருந்து மேல குத்தம் சொல்லி நாம ஜெயிக்க முடியாது, சொல்லவும் கூடாது. மருந்து நல்ல மருந்துதான். ஆனா இந்த வயசுப் பிள்ளைங்களுக்கு ஊசி போட்டதும் சில பேருக்கு மயக்கம் வரும். அது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். அதுக்குத்தான் அரை மணி நேரம் உக்கார வைக்கச் சொல்லுறது. உக்கார வைக்காம விட்டு, மயங்கி விழுந்திருந்தா அது முகாம் நடத்துனவங்க பொறுப்பு. நஷ்டஈடு குடுத்தே ஆகணும். உக்கார வெச்சு அனுப்புன பிறகு பிள்ளை விளையாடி விழுந்திருந்தா, யார் பொறுப்பும் இல்ல.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “டீச்சர், நீங்க அங்க இருந்தீங்கள்ல? ஊசி போட்டு எத்தனை நிமிஷம் கழிச்சு விழுந்தா?”

“கூட்டமா இருந்தது. சரியா ஞாபகமில்லை.”

ரஹ்மத் அதைக் குறித்துக்கொண்டார்.

பத்து நிமிடம்.

மார்ச் 3, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த மாதம் பொதுத் தேர்வு. பூமாரி எழுதவில்லை. ஆறுதலாகப் பேசிவிட்டு வரலாம் என்று போனேன். பொன்னுத்தாய் அடுப்படியில் இருந்தாள். பூமாரி இடது கையால் தண்ணீர்ச் செம்பை எடுத்து வந்து கொடுத்தாள். பாதி கீழே சிந்திவிட்டது.

பொன்னுத்தாய் உள்ளேயிருந்து சத்தம் போட்டாள். “ஏட்டி, ஒரு எடத்துல உக்காரமாட்டியா? அன்னைக்கும் இப்பிடித்தான. உக்காருன்னா உக்காரணும்லா? மயக்கமா வந்துச்சுன்னா வாயத் தொறந்து டீச்சர்கிட்டச் சொல்லணும்லா? கொழுப்பெடுத்துப் படியில போய் ஆட்டம் போட்டுட்டு, இன்னைக்கு எங்க உசுர எடுக்கா.”

 இது தினமும் கேட்கிற பேச்சு என்று பூமாரியின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக, வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள்.

“டீச்சர், என்னை மன்னிச்சிருங்க. நீங்க உக்காருன்னு சொல்லியிருப்பீங்க. நான்தான் கேக்காம எந்திச்சுப் போயிருப்பேன். என்னால உங்களுக்கும் கெட்ட பேரு.”

அவள் தலையில் முடி இப்போது நாலு விரற்கடை வளர்ந்திருக்கிறது. அதைத் தடவிக் கொடுத்தேன். “அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா,” என்றேன்.

ஒண்ணுமில்லம்மா. அப்படித்தான் சொன்னேன்.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில் மட்டுமாவது இருக்கட்டும். அன்று என் போன் மாடியில் என் வகுப்பறையில் சார்ஜில் கிடந்தது. ஷீலா ஸ்கேனுக்குப் போயிருந்தாள். போன் வந்தால் யார் எடுப்பது என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதல் பெஞ்சில் பூமாரி உட்கார்ந்திருந்தாள். சொன்ன வேலையைச் சட்டென்று செய்கிறவள். ‘மேலே போய் என் போனை எடுத்துட்டு வா’ என்று நான்தான் அனுப்பினேன். அவள் ஏறிப் போனாள், எடுத்தாள், இறங்கும்போது விழுந்தாள். அவள் விளையாடவில்லை.

ஏப்ரல் 27, சனி, சென்னை

பேத்திக்குத் தடுப்பூசி போட ஷீலாவோடு நானும் போனேன். குழந்தை வீறிட்டு அழுது, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. ‘எந்திரிக்கலாமாம்மா?’ என்று ஷீலா கேட்டாள். “அரை மணி நேரம் ஆகட்டும்,” என்றேன். சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. முப்பத்தைந்து நிமிடம் ஆன பிறகுதான் எழ விட்டேன்.

“ஏம்மா கடிகாரத்தையே பாக்குறே?” என்றாள் ஷீலா. காலையில் சாப்பிடவில்லை என்று சொன்னேன்.

ஜூன் 10, திங்கள்

துரைராஜ் சார் ஓய்வு பெற்றுவிட்டார். மூத்த ஆசிரியை என்பதால் பொறுப்புத் தலைமையாசிரியை நான். இன்று அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

போன மாதம் சண்முகவேல் பள்ளி வாசலில் நின்று அவரைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். ‘ஏழைப்பிள்ள விளையாடுனான்னு எழுதுனீரே, உம்ம பிள்ளையா இருந்தா எழுதுவீரா’ என்று. துரைராஜ் சார் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டு நின்றாராம். சாவியை என்னிடம் கொடுக்கும்போது சொன்னார்: “அந்த அறிக்கையில கையெழுத்து என்னது டீச்சர். எழுத்து உங்களது. நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன்.”

ஜூலை 19, வெள்ளி

மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் ரஹ்மத் போட்ட வழக்கு முடிந்திருக்கிறது. கோட்டாட்சியர் நேரடியாக விசாரித்து, உரிய இழப்பீட்டை முடிவு செய்ய வேண்டும் என்று உத்தரவாம். எல்லோரும் சாட்சி சொல்ல வேண்டும். நானும்.

செப்டம்பர் 10, செவ்வாய்

சம்மன் வந்த விசாரணை நாளைக்கு. சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினார். பிறகு, “இன்னும் மூணு வருஷ சர்வீஸ் இருக்கு. பென்ஷன் இருக்கு. இப்ப போய்ச் சொன்னா அந்தப் பிள்ளைக்குக் கை வந்துருமா?” என்றார்.

வராது. ஆறு மாதம் எப்போதோ முடிந்துவிட்டது.

இரவுச் சாப்பாட்டுக்கு ரசம் மட்டும் வைத்தேன். அதையும் இருவரும் சாப்பிடவில்லை.

செப்டம்பர் 11, புதன்

சொல்லிவிட்டேன்.

கோட்டாட்சியர் அலுவலகத்தில் நீளமான மேசை. ஒரு பக்கம் சண்முகவேலும் ரஹ்மத்தும். எதிர்ப்பக்கம் சுகாதாரத் துறைக்காரர்கள். செல்வக்கனியும் வந்திருந்தாள். முகாம் பிரச்சினையில் அவளை மலையடிவாரத்துக்கு மாற்றிவிட்டார்களாம். ‘எந்திரிக்க விடாதீங்கன்னு டீச்சர்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனேன்’ என்று அவள் சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை.

கோட்டாட்சியர் இளம்பெண். குரலை உயர்த்தாமல் கேட்டார்.

“மாணவி ஏன் மாடிக்குப் போனாங்க?”

“நான்தான் அனுப்பினேன். என் போனை எடுத்துவர.”

“ஊசி போட்டு எவ்வளவு நேரத்துல?”

“பத்து நிமிஷம் இருக்கும்.”

“அப்படின்னா இந்த அறிக்கை?”

“அதையும் நான்தான் எழுதினேன். ஹெட்மாஸ்டருக்குத் தெரியாது. பிள்ளை விளையாடலை.”

எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

“போறதுக்கு முன்னாடி மயக்கமா இருக்குன்னு மாணவி உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?”

“இல்லை.”

முடிந்து வெளியே வந்தபோது சண்முகவேல் தூணருகே நின்றிருந்தார். பக்கத்தில் போனேன். அவர் கோபப்படுவார், அடித்தாலும் அடிக்கட்டும் என்றுதான் போனேன்.

“மனு எழுதுனீங்களே டீச்சர்,” என்றார். “உங்க வீட்ல உக்காந்து, காப்பி குடுத்து, எழுதுனீங்களே.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். ரஹ்மத்தான் சொன்னார்: “போன பிப்ரவரியில நான் கேட்டப்பவே சொல்லியிருந்தா ட்ரீட்மெண்டுக்காவது இடைக்காலமா ஏதாவது வாங்கிக் குடுத்திருப்பேன் மேடம்.” அதுவரை என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொல்லிவிட்டதால் நெஞ்சு லேசாகிவிட்டது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆகவில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது. அலமாரிச் சாவி, பீரோ சாவி, ஆய்வகச் சாவி மூன்றையும் ஒப்படைத்தேன்.

டிசம்பர் 20, வெள்ளி

கோட்டாட்சியர் உத்தரவு வந்துவிட்டது. ரஹ்மத் நகல் அனுப்பியிருந்தார். முகாம் நடத்தியவர்களின் கவனக்குறைவு நிரூபணமாகிறதாம். இழப்பீடு உண்டு. ஆனால் கேட்டதில் பாதிதான். காரணமும் எழுதியிருக்கிறது: ‘பதினைந்து வயது நிரம்பிய மாணவி, தனக்கு ஏற்பட்ட தலைச்சுற்றலை அருகிலிருந்த ஆசிரியரிடம் தெரிவிக்கத் தவறியுள்ளார். இதில் மாணவிக்கும் பங்கு உண்டு.’

இதை மூன்று முறை படித்தேன். நகலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

2025 ஜனவரி 5, ஞாயிறு

சண்முகவேல் வந்தார். வீட்டுக்குள் வரவில்லை.

“பாப்பா உங்களப் பாக்கணுங்கா. எனக்கு இஷ்டமில்ல. ஆனா நாலு நாளா சாப்பிடாம இருக்கா. ஒரு வாட்டி வந்துட்டுப் போங்க.”

அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பின்னால் நடந்தேன்.  அவர் தெருவில் எல்லா வீட்டிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது.

பூமாரி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். உத்தரவு நகல் அவள் மடியில் இருந்தது. பொன்னுத்தாய் என்னைக் கண்டதும் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள்.

“டீச்சர், நான் விளையாடலையாமே. அப்பா சொல்லிச்சு.”

“இல்லம்மா. நான்தான் அனுப்பினேன்.”

அவள் தலையாட்டினாள். அவள் கேட்க நினைத்தது அதுவல்ல. இடது கை விரலைத் தாளில் அந்த வரியின் மேல் வைத்தாள்.

“இதுல, நான் ஒங்ககிட்டச் சொல்லலன்னு போட்டிருக்காங்க. அம்மாவும் அதத்தான் தெனமும் சொல்லுது. நான் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன், ஞாபகம் வரமாட்டேங்கு. ஒங்களுக்குத்தான் தெரியும். தலை சுத்துதுன்னு நான் சொன்னேனா டீச்சர்?”

நான் இந்த நோட்டில்கூட எழுதவில்லை. மார்ச் மாதம் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன் என்று தொடங்கியபோதும் இதைத் தாண்டித்தான் எழுதினேன். போனை எடுத்து வா என்று சொன்னதும் பூமாரி எழுந்தாள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். ‘டீச்சர், ஒரு மாதிரி கிறுகிறுன்னு இருக்கு’ என்றாள். ‘ஒண்ணும் செய்யாது, சட்டுன்னு போய்ட்டு வா’ என்றேன். முகத்தைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

சண்முகவேல் கதவு நிலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொன்னால் யாராலும் பொய் என்று நிரூபிக்க முடியாது. அந்த ஹாலில் அன்று அத்தனை சத்தம்.

“சொன்னே,” என்றேன். “கிறுகிறுன்னு இருக்குன்னு சொன்னே. நான்தான் காதுல வாங்கல.”

பூமாரி என்னைத் திட்டவில்லை, அழவுமில்லை. கட்டிலைப் பிடித்து எழுந்தாள். காலை இழுத்துக்கொண்டு அடுப்படி வாசலுக்குப் போனாள்.

“அம்மா! நான் சொல்லியிருக்கேம்மா! டீச்சர்கிட்டச் சொல்லியிருக்கேன்! நான் சொல்லாம இல்லம்மா!”

பாத்திரம் ஒன்று கீழே விழுந்த சத்தம் கேட்டது. பொன்னுத்தாயின் அழுகையை அதுவரை நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியிலும் அவள் அழவில்லை. அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. எழுந்து வந்தேன். சண்முகவேல் நிலையிலிருந்து விலகி வழிவிட்டார்.

ஜனவரி 9, வியாழன்

ரஹ்மத்தின் அலுவலகத்துக்குப் போய் ‘ரூபாவதி ஆகிய நான்’ என்று தொடங்கிப் புதிய வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். முந்தைய விசாரணையில் இல்லை என்று சொன்னது பொய் என்றும் எழுதினேன். இதனால் வேலை போகலாம், வழக்கும் வரலாம் என்று அவர் எச்சரித்தார். தெரியும் என்றேன்.

படித்து முடித்துவிட்டுக் கேட்டார்: “இதுக்கு மேல ஏதாவது இருக்கா மேடம்?”

“இல்லை.”

அவர் நம்பவில்லை. பேனாவை மூடாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தார். உண்மையாகவே வேறு ஒன்றும் இல்லை. அதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மே 22, வியாழன்

திருத்திய உத்தரவு வந்துவிட்டது. கேட்ட தொகை முழுவதும். பணம் இந்த மாதமே பூமாரி பெயரில் வங்கியில் போடப்படும். செல்வக்கனியைப் பழைய இடத்துக்கே மாற்றியிருக்கிறார்கள். என் மேல் துறை விசாரணை நடக்கிறது. வேலை திரும்பக் கிடைக்காது என்று கணவருக்கும் புரிந்துவிட்டது. 

பூமாரியைத் திரும்பவும் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறார்களாம். கால் கொஞ்சம் தேறும் என்கிறார்களாம். கையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லையாம்.

இதெல்லாம் ரஹ்மத் போனில் சொன்னது. அந்த வீட்டுக்கு நான் போவதில்லை. உத்தரவை வாங்கிக்கொள்ள மூன்று பேரும் நேற்று அவர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார்கள். தொகையைச் சொன்னபோது பொன்னுத்தாய் பெரிதாகக் காதில் வாங்கவில்லையாம். ‘மாணவியின் பேரில் எந்தத் தவறும் இல்லை’ என்று ஒரு வரி இருக்கிறது என்று ரஹ்மத் சொன்னதும், அதை வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். வாசித்தாராம். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாளாம். அதையும் வாசித்தாராம். மூன்றாவது தடவை கேட்டபோது, “போதும்மா, போவோம்,” என்று பூமாரி அவள் கையைப் பிடித்து இழுத்தாளாம்.

இடது கையால்.